கைகுலுக்கலுக்கு முன்னால்: வெளியுறவு அமைச்சகம் எப்படி வேலை செய்கிறது?

1976 மார்ச் 23 என்ற தேதியிட்டு இரண்டு அரசு அதிகாரிகள் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். ஒருவர் இந்தியாவின் வெளியுறவுச் செயலர் கேவல் சிங். மற்றவர் இலங்கையின் பாதுகாப்பு, வெளியுறவு அமைச்சகச் செயலர் டபிள்யூ. டி. ஜயசிங்க. வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒரு நாட்டின் மீனவர்களும் படகுகளும் மற்ற நாட்டின் கடற்பகுதியில் மீன்பிடிக்கக் கூடாது என்பது அந்தக் கடிதங்களின் சாரம். அப்போது நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ஜனவரி 31 அன்றே ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. எதிர்த்துக் குரல் கொடுக்க மாநிலத்தில் ஒரு சட்டமன்றம்கூட இல்லை. ராமேஸ்வரத்திலிருந்தும் புதுக்கோட்டை, நாகப்பட்டினம் கரைகளிலிருந்தும் இன்று கடலுக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் அந்தக் கடிதத்தின் விளைவுக்குள்தான் தொழில் செய்கிறார்.

அந்தக் கடிதங்களில் பிரதமரின் கையெழுத்து இல்லை. விழா மேடையும் இல்லை. ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சகம் எவ்வளவு கனமான நிறுவனம் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நெருக்கமான உதாரணம் தமிழ் வாசகருக்குக் கிடைக்காது. வெளிநாட்டுப் பயணங்கள், சிவப்புக் கம்பளம், கொடிகளுக்கு முன்னால் எடுக்கும் படம் ஆகியவையே நம் கண்ணில் படுகின்றன. அவை வேலையின் கடைசி அங்கம். அதற்கு முன்னால் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் எழுத்தில் நடப்பதுதான் ராஜதந்திரம். அதை நடத்துகிற அமைச்சகத்தைப் பற்றி, இந்தியாவை மையமாக வைத்து, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முடிவு யாருடையது?

வெளியுறவுக் கொள்கையையும் ராஜதந்திரத்தையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். எந்த நாட்டோடு எப்படிப்பட்ட உறவு வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று தீர்மானிப்பது கொள்கை. அந்தத் தீர்மானத்தை மற்ற நாடுகளிடம் கொண்டுபோய்ப் பேசி, எழுதி, பேரம் நடத்தி நிறைவேற்றுவது ராஜதந்திரம். முன்னதைப் பிரதமரும் அமைச்சரவையும் முடிவு செய்கிறார்கள். பின்னதை நடத்துவது வெளியுறவு அமைச்சகம். ஆனால் முடிவெடுப்பவர்களுக்கு முன்னால் இருக்கும் தகவலையும் யோசனைகளையும் தயார் செய்து கொடுப்பதும் அதே அமைச்சகம் என்பதால், இந்தக் கோடு நடைமுறையில் அவ்வளவு நேராக இருப்பதில்லை.

இந்தியாவில் பிரதமரின் கை தொடக்கத்திலிருந்தே இதில் ஓங்கியிருக்கிறது. ஜவாஹர்லால் நேரு 1947 முதல் 1964-இல் மறையும் வரை வெளியுறவுத் துறையைத் தன்னிடமே வைத்திருந்தார். 1998-இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவி உருவானபின் இன்னொரு அதிகார மையமும் சேர்ந்தது. சீனாவுடனான எல்லைப் பேச்சில் 2003 முதல் இந்தியாவின் சிறப்புப் பிரதிநிதி அவர்தான். வணிக ஒப்பந்தங்களை வணிக அமைச்சகம் பேசுகிறது. ஆயுதக் கொள்முதலைப் பாதுகாப்பு அமைச்சகம் பார்க்கிறது. அப்படியானால் வெளியுறவு அமைச்சகத்துக்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். ஓர் அமைச்சகம் ஒரு நாட்டிடம் சலுகை கேட்கும்போது இன்னொரு அமைச்சகம் அதே நாட்டைச் சீண்டிக்கொண்டிருந்தால் காரியம் கெடும். எல்லாத் துறைகளின் பேச்சையும் ஒரே நாட்டின் பேச்சாக இணைப்பதும், முப்பது ஆண்டுகளுக்கு முன் யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதைக் கோப்பில் காத்து வைப்பதும் வேறு எந்தத் துறையாலும் செய்ய முடியாத வேலை.

மாநில அரசுகளுக்கு இதில் சட்டப்படி இடமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 10-ஆவது பதிவு வெளியுறவையும் 14-ஆவது பதிவு ஒப்பந்தங்கள் செய்வதையும் ஒன்றிய அரசிடம் ஒப்படைக்கின்றன. மீனவர்கள் கைதாகும் ஒவ்வொரு முறையும் தமிழக முதலமைச்சர் டெல்லிக்குக் கடிதம் எழுதுவது ஏன் என்று பலர் சலிப்போடு கேட்கிறார்கள். கொழும்புடன் நேரடியாகப் பேச அவருக்கு அதிகாரம் இல்லை. எழுதுவதுதான் அவருக்குத் திறந்திருக்கும் வழி. அதற்காக மாநிலத்துக்குச் செல்வாக்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2011-இல் வங்கதேசத்துடனான தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் தறுவாயில் மேற்கு வங்க அரசு எதிர்த்ததால் நின்றுபோனது. 2014-இல் வெளியுறவு அமைச்சகம் மாநிலங்களுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. சென்னையில் அந்த அமைச்சகத்தின் கிளைச் செயலகமும் இருக்கிறது.

அமைச்சகத்தின் உள்ளே

மேலே அமைச்சர். அவருக்குக் கீழே அதிகாரிகளின் தலைவராக வெளியுறவுச் செயலர். அதற்கும் கீழே, உலகமே பிரிவு பிரிவாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் பொதுவாக ஓர் இணைச் செயலர் பொறுப்பு. இலங்கையையும் மாலத்தீவையும் பார்ப்பது இந்தியப் பெருங்கடல் பகுதிப் பிரிவு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் மூன்றும் ஒரு பிரிவு. சீனாவைப் பார்ப்பது கிழக்கு ஆசியப் பிரிவு. நாடுகளைச் சாராத பிரிவுகளும் உண்டு: சட்டம் மற்றும் ஒப்பந்தங்கள், மரபொழுங்கு (புரோட்டோகால்), பாஸ்போர்ட் மற்றும் விசா. ஒரு நாட்டைப் பற்றிய அன்றாடக் கோப்புகள் அனைத்தும் கடந்துபோகும் வாசல் இணைச் செயலர். தொலைக்காட்சியில் அவர் முகம் வருவதே இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் கை, தூதரகம். காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் தூதரகத்துக்கு ஹை கமிஷன் என்று பெயர்; வேலை ஒன்றுதான். தலைநகரில் தூதரகம் இருக்கும், மற்ற ஊர்களில் துணைத் தூதரகங்கள் இருக்கும். கொழும்பில் இந்திய ஹை கமிஷன் இருக்கிறது. 2010-இல் யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் துணைத் தூதரகங்கள் திறக்கப்பட்டன. ஒரு தூதரை நியமிப்பதற்கு முன்னால், அவரை ஏற்கச் சம்மதமா என்று அந்த நாட்டிடம் கேட்டு வாங்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை வகுத்த விதி இது.

இந்திய வெளியுறவுப் பணி 1946 அக்டோபர் 9 அன்று, விடுதலைக்கு முன்பே உருவாக்கப்பட்டது. அதில் தேர்வாகிறவர் ஏதேனும் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் கற்க வேண்டும். சி. பி. முத்தம்மாவை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. சென்னையில் படித்தவர், 1949-இல் அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண். திருமணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி அரசின் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்று அன்றைய விதிகள் இருந்தன. தனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடித் தீர்ப்பெழுதினார். உலகத்திடம் நாட்டின் மதிப்பை எடுத்துச் சொல்ல அனுப்பப்பட்ட ஒருவர், தன் மதிப்புக்காகத் தன் அரசோடே வழக்காட வேண்டியிருந்தது.

இந்தப் பணியில் இருப்பவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். அவர்களை வைத்து உலகெங்கும் 200-க்கும் மேற்பட்ட தூதரகங்களையும் துணைத் தூதரகங்களையும் நடத்த வேண்டும். 140 கோடி மக்கள் உள்ள நாட்டுக்கு இது போதாது என்றே நான் நினைக்கிறேன்.

கேட்பது

தூதரின் வேலை பேசுவது என்று நாம் நினைக்கிறோம். பாதிக்கு மேல் கேட்பதுதான். தான் இருக்கும் நாட்டில் என்ன நடக்கிறது, யார் கை ஓங்குகிறது, எந்தப் பேச்சு மிரட்டல், எந்தப் பேச்சு மெய் என்று கண்டறிந்து தன் தலைநகருக்கு எழுத வேண்டும்.

1950-இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. பீஜிங்கில் இந்தியத் தூதராக இருந்தவர் கே. எம். பணிக்கர். அக்டோபர் 2 இரவு, நள்ளிரவு கடந்த நேரத்தில், சீனப் பிரதமர் சூ என்லாய் அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வரவழைத்தார். அமெரிக்கப் படைகள் வட, தென் கொரியாக்களைப் பிரித்த 38-ஆவது இணைகோட்டைத் தாண்டி வடக்கே வந்தால் சீனா போரில் இறங்கும் என்றார். தென்கொரியப் படைகள் மட்டும் தாண்டினால் அது வேறு விஷயம் என்பதையும் பிரித்துச் சொன்னார். சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே அப்போது தூதரக உறவு கிடையாது. அதனால்தான் இந்தியத் தூதரை அழைத்திருக்கிறார். பணிக்கர் உடனே டெல்லிக்குத் தந்தி அனுப்பினார். டெல்லி அதை லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் தெரிவித்தது. பணிக்கர் சீனாவின் பக்கம் சாய்ந்தவர், இது வெறும் மிரட்டல் என்று வாஷிங்டன் ஒதுக்கிவிட்டது. அதே மாதத்தில் சீனப் படைகள் எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் நுழைந்தன. போர் 1953 வரை நீண்டது.

தகவல் சரியாகக் கேட்கப்பட்டு, சரியாக எழுதப்பட்டு, சரியான இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. படித்தவர்கள் நம்பவில்லை. தூதரின் அறிக்கைக்கு எவ்வளவு மதிப்பு, அதன் எல்லை எங்கே என்ற இரண்டையும் அந்த ஓர் இரவு காட்டிவிடுகிறது.

சொல்வது

இரு நாடுகளுக்கு இடையே அதிகம் பயன்படும் கடிதத்தின் வடிவம் விசித்திரமானது. அதில் 'நான்' கிடையாது, 'நீங்கள்' கிடையாது. 'வெளியுறவு அமைச்சகம் இன்ன நாட்டுத் தூதரகத்துக்குத் தன் வணக்கங்களைத் தெரிவித்துக்கொள்கிறது' என்ற பொருளில் தொடங்கும். நடுவில் விஷயம். தூதரகத்தின்மீது தான் கொண்டுள்ள மிக உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதி செய்ய இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வதாகச் சொல்லி முடியும். முழுக் கையெழுத்து இருக்காது. சுருக்கொப்பமும் முத்திரையும் மட்டும். நடுவில் இருக்கும் செய்தி கடுமையான கண்டனமாக இருந்தாலும் முன்னும் பின்னும் பெரும்பாலும் இதே வணக்கம்தான். வெற்றுச் சடங்கு என்று தோன்றலாம். ஆனால் இன்று சண்டை போடும் இரண்டு நாடுகள் நாளையும் பேசியாக வேண்டும். கோபம் தனி மனிதரின் மேல் போய்விடாமல் இந்த வடிவம் தடுக்கிறது.

வாயால் சொல்வதற்கும் படிகள் உண்டு. 'தூதருக்குச் சம்மன்' என்று செய்தி வந்தால் இரண்டைக் கவனியுங்கள்: அழைக்கப்பட்டது தூதரா, அவருக்குக் கீழே உள்ள அதிகாரியா? அழைத்தது இணைச் செயலரா, வெளியுறவுச் செயலரா, அமைச்சரா? படி ஏற ஏறக் கோபம் கூடுகிறது என்று பொருள். அதற்கும் மேலே போனால் தூதரைத் திரும்ப அழைப்பது, எதிர்த்தரப்பு அதிகாரிகளை விரும்பத்தகாதவர்கள் என்று அறிவித்து வெளியேற்றுவது. 2024 அக்டோபரில் கனடா ஆறு இந்திய அதிகாரிகளை வெளியேற்றியது, இந்தியாவும் ஆறு கனடா அதிகாரிகளை வெளியேற்றியது. எண்ணிக்கை சமமாக இருப்பது தற்செயல் இல்லை. செய்ததைத் திருப்பிச் செய்வது இந்த உலகின் எழுதாத சட்டம். நம் ஊரில் அயல்நாட்டுத் தூதரகத்தின் கதவை நாம் மதிப்பதற்கும் அதுவே காரணம். அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

பேரம் பேசுவது

ஒப்பந்தத்தின் வரைவு கைமாறும்போது, இன்னும் உடன்பாடு ஏற்படாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு சுற்றுப் பேச்சிலும் சில அடைப்புகள் நீங்கும். கடைசியில் அதிகாரிகளால் அவிழ்க்க முடியாமல் மிஞ்சும் ஓரிரண்டு அடைப்புகளே அமைச்சர்களிடமோ பிரதமர்களிடமோ போகும். தலைவர்கள் சந்தித்தால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தெரிவதன் ரகசியம் இதுதான்.

இந்தியாவில் ஒப்பந்தம் செய்ய நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. நிலத்தை விட்டுக்கொடுப்பதென்றால் மட்டும் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று மேற்கு வங்கத்தின் பேருபாரிப் பகுதியில் ஒரு பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய விவகாரத்தில் 1960-இல் உச்ச நீதிமன்றம் கருத்துக் கூறியது. அதனால்தான் வங்கதேசத்துடன் 1974-இல் கையெழுத்தான நில எல்லை ஒப்பந்தம், 100-ஆவது திருத்தம் நிறைவேறிய 2015 வரை காத்திருந்தது. அந்த ஆண்டு ஜூலை 31 நள்ளிரவில் வங்கதேசத்துக்குள் இருந்த 111 இந்தியத் திட்டுகளும், இந்தியாவுக்குள் இருந்த 51 வங்கதேசத் திட்டுகளும் கைமாறின. அதே 1974-இல் செய்யப்பட்ட கச்சத்தீவு ஒப்பந்தம் ஏன் நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புக்குப் போகவில்லை? அங்கே விட்டுக்கொடுக்கப்பட்டது இந்திய நிலம் இல்லை, உரிமை தீர்மானிக்கப்படாதிருந்த இடத்தில் எல்லை வரையப்பட்டது என்பது டெல்லியின் வாதம். அந்த வாதத்தை ஏற்காதவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்; வழக்குகளும் நடந்தன. எதை 'நிலம்' என்பது, எதை 'எல்லை' என்பது என்ற ஒரு சட்டக் குறிப்பு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

ஆட்களைக் காப்பது

சாதாரண மனிதர் வெளியுறவு அமைச்சகத்தைத் தொடும் இடம் இதுதான். பாஸ்போர்ட் அலுவலகமே அந்த அமைச்சகத்தின் அங்கம் என்பது பலருக்குத் தெரியாது. வளைகுடாவில் ஒருவர் இறந்துவிட்டால், மரணத்தைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையில்லாச் சான்று கொடுத்து உடலை ஊருக்கு அனுப்பும் வேலையில் தூதரகத்தின் பங்கு பெரியது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டால், ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் தர முடியும். 2009-இல் இந்தியச் சமூக நல நிதி ஏற்படுத்தப்பட்டது. பணமில்லாமல் தவிப்பவரின் டிக்கெட்டுக்கும் உடலை அனுப்பும் செலவுக்கும் அதிலிருந்து உதவலாம். 'மதத்' என்ற இணையதளத்தில் 2015 முதல் குடும்பத்தினரே புகார் பதிவு செய்யலாம். இவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இவை இருப்பதே தெரியாது என்பதுதான் என் ஆற்றாமை.

பெரிய ஆபத்துகளில் இதே வேலை ஆயிரம் மடங்காகிறது. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே சிக்கிக்கொண்ட இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அன்றைய வெளியுறவு அமைச்சர் ஐ. கே. குஜ்ரால் பாக்தாத் போய்ச் சதாம் உசேனைச் சந்தித்தார். அப்போது அவரைக் கட்டித்தழுவிய படம் உலகெங்கும் விமர்சிக்கப்பட்டது. ஆனால் மக்கள் ஈராக் வழியாகப் பேருந்துகளில் ஜோர்டானின் அம்மான் நகருக்கு வர வழி பிறந்தது. அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்கள் அவர்களை ஏற்றிவந்தன. 2015-இல் ஏமனிலிருந்து 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களோடு, உதவி கேட்ட 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் மக்களும் மீட்கப்பட்டார்கள். விமானம் இறங்க வேண்டுமென்றால் குண்டுவீச்சு நிற்க வேண்டும். அதற்கு, குண்டுவீச்சை முன்னின்று நடத்திய சவூதி அரேபியாவிடம் அனுமதி பெற வேண்டும். வருடக்கணக்கில் பேணிய உறவு அந்தச் சில மணி நேரத்தில் பயன்பட்டது.

இனி, மீனவர். இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்ததும் தகவல் யாழ்ப்பாணத் துணைத் தூதரகத்துக்குப் போகிறது. துணைத் தூதரகப் பணிகள் பற்றிய 1963-ஆம் ஆண்டின் இன்னொரு வியன்னா உடன்படிக்கை, 36-ஆவது பிரிவில், கைதானவரைச் சந்திக்கும் உரிமையை அவர் நாட்டின் அதிகாரிக்குக் கொடுத்திருக்கிறது. அதிகாரி சிறைக்குப் போய்ப் பார்க்கிறார், உடல்நிலை கேட்கிறார், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்கிறார். நீதிமன்றம் விடுவித்தபின் பயண ஆவணம் தயார் செய்து, பெரும்பாலும் விமானத்தில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். இந்த உரிமை வெற்றுக் காகிதம் இல்லை. பாகிஸ்தானில் கைதாகி மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில், சந்திக்க அனுமதி கேட்டு இந்தியா திரும்பத் திரும்ப எழுதியதையும் பாகிஸ்தான் மறுத்ததையும் பார்த்த சர்வதேச நீதிமன்றம், 36-ஆவது பிரிவைப் பாகிஸ்தான் மீறிவிட்டது என்று 2019 ஜூலை 17 அன்று தீர்ப்பளித்தது.

ஆனால் தூதரகத்தால் முடியாதவை பல. வேறு நாட்டின் நீதிமன்றத்துக்கு அது உத்தரவிட முடியாது. அபராதத்தைத் தள்ளுபடி செய்ய முடியாது. கடலோடியைத் திருப்பிக் கொண்டுவர முடிகிறது, அவருடைய படகைக் கொண்டுவருவது பெரும்பாடாகிறது. 2018-இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி அந்நியப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. கடன் வாங்கிப் படகு கட்டியவருக்கு ஆள் விடுதலையோடு துன்பம் முடிவதில்லை.

எதிர்க்கரையில் நிற்பவரின் கண்ணால் பார்ப்பதும் ராஜதந்திரத்தின் கடமை. அங்கே இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள். போர்க்காலம் முழுவதும் கடலுக்குள் போக முடியாமல் கிடந்து, 2009-க்குப் பின் வலையோடு திரும்பியவர்கள். இழுவை மடி போடும் நம் விசைப்படகுகள் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன, கடலின் அடித்தரையையே சுரண்டுகின்றன என்பது அவர்கள் குறை. இலங்கை 2017-இல் இழுவை மடியைத் தடை செய்தது. நம் மீனவரின் வயிற்றுப்பாடும் உண்மை, அவர்களின் குறையும் உண்மை. 2016-இல் இரு நாடுகளும் மீன்வளத்துக்கென ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தன. இரு கரை மீனவர்களும் நேரில் பேசிய சந்திப்புகளும் நடந்திருக்கின்றன. 1976-இல் இவர்கள் இல்லாமல் எழுதப்பட்ட கடிதத்தைப் பற்றி இப்போது இவர்களே ஒரே அறையில் உட்கார்ந்து பேச முடிவது சிறிய மாற்றம் இல்லை.

நாம் எங்கே பார்க்கலாம்?

இந்த அமைச்சகம் என்ன செய்கிறது என்பதை அறிய ரகசியக் கோப்புகள் தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதன் ஆண்டறிக்கை வெளியாகிறது. இந்தியா செய்த ஒப்பந்தங்களின் வாசகங்கள் அதன் இணையதளத்தில் கிடைக்கின்றன. செய்தித் தொடர்பாளர் நிருபர்களிடம் சொல்வது எழுத்தாகவும் வருகிறது. இவை எல்லாவற்றையும்விட நாடாளுமன்றக் கேள்வி பதில்களைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். இலங்கைச் சிறைகளில் எத்தனை மீனவர்கள், வளைகுடாச் சிறைகளில் எத்தனை இந்தியர்கள், எத்தனை படகுகள் திரும்பவில்லை என்று உறுப்பினர் கேட்டால் அமைச்சர் எழுத்தில் எண்ணிக்கையோடு பதில் தந்தாக வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் கடந்த கூட்டத்தொடரில் அப்படி ஏதாவது கேட்டாரா என்பதையும் மக்களவை இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். கேட்கவில்லை என்றால், அடுத்த கூட்டத்தொடருக்கு முன் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.